மேற்பரப்பில் நடக்கும் வேதிவினையை நுண்ணோக்கியில் நேரில் காண முடிகிறதா?

வேதியியல் ஆசிரியை, பட்டர்வொர்த் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இடைநிலைப்பள்ளியில் வினைவேகப் பாடத்தை நடத்தி வருகிறேன். வினையூக்கியைப் பற்றிப் பேசும்போது, மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் வந்து ஒட்டுகின்றன, அங்கே பழைய பிணைப்பு தளர்ந்து புதிய பிணைப்பு உருவாகிறது, பிறகு விளைபொருள் விலகிச் செல்கிறது என்று நாம் எல்லாரும் சொல்லிவிடுகிறோம். இம்முறை மாணவி ஒருத்தி, "இதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா, இல்லை, எல்லாம் கணக்கிலிருந்து ஊகித்ததா?" என்று கேட்டாள். திடப்பொருள்களின் மேற்பரப்பில் நிகழும் வேதிச் செயல்முறைகளை ஆராய்ந்ததற்காக 2007-இல் கெர்ஹார்ட் எர்ட்டிலுக்கு நோபல் பரிசு கிடைத்ததையும், அணுக்களைத் தனித்தனியே காட்டும் நுண்ணோக்கி 1981 முதலே இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. அணுவைப் பார்ப்பதும் வினையைப் பார்ப்பதும் ஒன்றா என்பதுதான் அவள் கேள்வி.

எனக்கு இரண்டு விளக்கங்கள் தேவை. இந்தக் கருவிகளில் தெரிவது சரியாக என்ன? அப்படித் தெரிந்தவை, நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வினைவேகச் சமன்பாட்டை எங்காவது மாற்றியிருக்கின்றனவா?

மேற்பரப்பு ஆய்வாளர், கோலாலம்பூர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டது இத்துறையின் மையமான கேள்வி.

முதலில் காலத்தைக் கணக்கில் எடுப்போம். ஒரு நொடியைப் பத்து இலட்சம் கோடிக் கூறுகளாகப் பிரித்தால், அதில் ஓரிரு கூறுகளுக்குள் ஒரு பிணைப்பு முறிந்து முடிந்துவிடும். எஸ்டிஎம் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் வருடும் ஊடுருவல் நுண்ணோக்கி ஒரு படத்தை எடுக்கப் பொதுவாகச் சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகும். நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் விரைவுக் கருவிகள் இருந்தாலும் இந்த இடைவெளியை அவை நெருங்கவே முடியாது. ஆகவே பிணைப்பு முறியும் கணம் எந்தப் படத்திலும் அகப்படுவதில்லை. ஒரு படத்தில் இருந்த அணு அடுத்த படத்தில் இல்லை, அல்லது வேறொரு மூலக்கூறாக நிற்கிறது என்பதே நமக்குக் கிடைக்கும் சான்று.

அதே வேளையில், இடத்தைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு நிகரானது அரிது. கூரிய உலோக ஊசியைப் பரப்பைத் தொடாமல் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தொலைவில் நிறுத்திச் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், இடைவெளியை ஊடுருவி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் அம்மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த அளவுகடந்த உணர்திறனால்தான் ஒற்றை அணு புலப்படுகிறது. ஆனால் இங்கே தெரிவது அணுவின் மேடு மட்டுமல்ல, அந்த இடத்தில் எலக்ட்ரான்கள் இருக்கும் நிலையும் சேர்ந்தே தெரிகிறது. பிளாட்டினத்தின்மீது உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் அணு மேலே துருத்திக்கொண்டிருந்தாலும் படத்தில் கருமையான குழியாகவே காட்சியளிக்கும். படத்தை வகுப்பில் காட்டும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1997-இல் வின்டர்லின், எர்ட்டில் முதலியோர் பிளாட்டினத்தின் 111 முகத்தில் (படிகம் எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் எண் அது) ஆக்சிஜன் அணுக்களைப் படியவைத்து, பிறகு கார்பன் மோனாக்சைடை உள்ளே விட்டு, 247 கெல்வின் வெப்பநிலையில், அதாவது உறைநிலைக்கு 26 பாகை கீழே, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். இரண்டும் கலந்து பரவி நிற்கும் என்றுதான் பாடநூல் நம்மை எண்ண வைக்கிறது. படத்தில் தெரிந்ததோ வேறு. ஆக்சிஜன் அணுக்கள் தீவு தீவாக ஒன்றுகூடி நின்றன, கார்பன் மோனாக்சைடு அவற்றைச் சுற்றித் தனிப் பரப்பாக வளர்ந்தது. தீவின் நடுவில் இருந்த ஆக்சிஜனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் மட்டுமே வினை நடந்தது, தீவுகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்தன.

இதனால் கணக்கே மாறுகிறது. வேகம் இரு பொருள்களின் செறிவுப் பெருக்கத்தைப் பின்பற்றாமல் எல்லைக்கோட்டின் நீளத்தைப் பின்பற்றுகிறது. ஒரு தீவின் பரப்பளவு நான்கில் ஒன்றாகச் சுருங்கும்போது அதன் சுற்றளவு பாதியாகத்தான் குறையும். ஆகவே ஆக்சிஜனைப் பொறுத்து வினைவரிசை, அதாவது வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைப் பின்பற்றுகிறது என்ற எண், ஒன்றாக இல்லாமல் ஏறத்தாழ அரையாகிறது. படங்களில் ஆக்சிஜன் அணுக்களை எண்ணிக் கண்ட வேக மாறிலிகள், பெரிய அளவில் வாயுவை அளந்து முன்பே பெற்றிருந்த மதிப்புகளோடு ஒத்துப்போயின. என் கணிப்பில் இத்துறையின் மிக அழகான சோதனை இதுதான், ஏனென்றால் படத்தைப் பார்த்து வியந்ததோடு நிற்காமல் அதிலிருந்து எண்ணை எடுத்து, வேறு வழியில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டார்கள்.

தோல்வி ஆய்வுப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனாலும் தொழிற்சாலையில் நாள்தோறும் நுண்ணோக்கியோடு இருப்பவன் என்ற முறையில் சில தடைகளை முன்வைக்க விரும்புகிறேன்.

தோல்வி ஆய்வு செய்யும் எங்கள் எஃப்.ஏ. லேப்பில் வரும் சிக்கல்களில் பல மேற்பரப்பு வினைகள்தாம். மின்னணுச் சில்லில் கம்பி பொருத்தும் இடமான அலுமினியப் பேடில் செம்புக் கம்பியைப் பற்றவைத்தால் அந்த இடைமுகத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்த இடைச்சேர்மங்கள் உருவாகின்றன. மேலே வார்க்கப்படும் பிசினில் சிறிதளவு குளோரைடு இருந்து, 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் சோதனை நடந்தால், செம்பு மிகுந்த அடுக்கு முதலில் அரிக்கப்பட்டு, மயிரிழை போன்ற வெடிப்பு ஓரத்திலிருந்து உள்ளே செல்லும். நாங்கள் அதை வெட்டி, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும்போது வினை எப்போதோ முடிந்திருக்கும். அங்கே நாங்கள் காண்பது விளைவை மட்டுமே.

ஐயா குறிப்பிட்ட சோதனைகளில் அந்தக் குறை இல்லை என்பது உண்மை. ஆனால் அவை நடக்கும் சூழல் எங்கே, நம் சூழல் எங்கே? அந்த அறைகளுக்குள் இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடப் பத்தின் பன்னிரண்டு பதின்மூன்றாம் அடுக்கு மடங்கு குறைவு. படிகம் ஒரே முகமாக வெட்டப்பட்டு, அணு அணுவாகத் துப்புரவு செய்யப்பட்டது. போதாததற்கு, அணுவுக்கு ஒரு நானோமீட்டர் அருகில் ஓர் உலோக ஊசி நிற்கிறது. அந்த ஊசியே வினையைத் தூண்டவில்லை என்று எப்படி உறுதி கூறுவது?

முதுகலை மாணவன், குளுகோர்

பொறியாளர் அண்ணாவின் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் எதிர்கொள்ளும் சந்தேகமும் இதுவே.

ஊசி வினையைத் தூண்டக்கூடும் என்பது ஐயமே இல்லாத உண்மை. 2000-ஆம் ஆண்டில் பெர்லினில் சா வாய் ஹ்லா உள்ளிட்ட குழுவினர் அதை வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். 20 கெல்வினில் செம்புப் பரப்பில் கிடந்த அயடோபென்சீன் மூலக்கூறுகளிலிருந்து ஊசிவழி எலக்ட்ரானைச் செலுத்தி அயோடினைப் பிரித்து, மீந்த இரண்டு வளையங்களையும் ஊசியாலேயே இழுத்து அருகருகே சேர்த்து, மறுபடி எலக்ட்ரானைச் செலுத்தி அவற்றை பைஃபீனைலாக இணைத்தார்கள். ஆகவே ஊசியின் குறுக்கீட்டை மறுப்பதில் பொருளில்லை, அதை அளந்து விலக்க வேண்டும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மாற்றிப் பார்த்து வேகம் மாறுகிறதா என்று சோதிப்பது ஒரு வழி. ஊசி போகாத பகுதியை வினை முடிந்த பிறகு முதல்முறையாகப் படமெடுத்து, தொடர்ந்து வருடிய பகுதியோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. இந்த ஒப்பீடு இல்லாத எந்தப் படத்தொடரையும் எங்கள் மேற்பார்வையாளர் ஏற்றுக்கொள்வதில்லை.

ஊசியே இல்லாமல் வினையைப் பார்க்கும் வழியும் உண்டு. எர்ட்டில் குழுவினர் 1990-இல் பிளாட்டினம் 110 முகத்தின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, வெளியேறும் எலக்ட்ரான்களைக்கொண்டு படம் உருவாக்கினார்கள். ஆக்சிஜன் மூடிய இடத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது கடினம், அதனால் அது இருண்டு தெரியும். கார்பன் மோனாக்சைடு மூடிய இடம் அதைவிட வெளிச்சமாக இருக்கும். வினை நடந்துகொண்டிருக்கும்போதே இருளும் ஒளியும் அலைகளாகப் பரப்பில் நகர்ந்தன, சில இடங்களில் சுருள்களாகச் சுழன்றன. இதில் தனி அணு தெரியாது, மைக்ரோமீட்டர் அளவில்தான் விவரம் கிடைக்கும். ஆனால் டீச்சரின் மாணவி கேட்டதுபோல், நடக்கும்போதே பார்ப்பது என்றால் இதைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர், பிறை

வணக்கம். செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பு அமிலங்களுக்கு ஹைட்ரஜன் ஏற்றும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன். எங்களுக்கு வினையூக்கி என்றால் கொழுப்பில் பொதிந்து சில்லுகளாக வரும் நிக்கல். வினை ஓடுகிறதா என்பதை ஹைட்ரஜன் உறிஞ்சப்படும் வேகத்தையும், மீந்திருக்கும் இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் அயோடின் மதிப்பையும் வைத்தே அறிவோம். உள்ளே அணு என்ன செய்கிறது என்று பார்க்க எங்களுக்கு வாய்ப்பில்லை.

ஒரு கேள்வி நீண்ட நாளாக மனத்தில் இருக்கிறது. மூலப்பொருளில் கந்தகம் மிகச் சிறிதளவு கூடினாலே நிக்கல் செத்துவிடும். கொட்டிய நிக்கலின் பரப்பளவை நினைத்துப் பார்த்தால் அந்தக் கந்தகம் அதை முழுவதுமாக மூடப் போதாது. பிறகு ஏன் வேகம் இவ்வளவு விழுகிறது? நுண்ணோக்கி இதற்கு விடை தந்திருக்கிறதா?

மேற்பரப்பு ஆய்வாளர், கோலாலம்பூர்

பிறை ஐயாவின் கேள்வியும் பொறியாளரின் தடையும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

வினையூக்கியின் பரப்பு முழுதும் வேலை செய்வதில்லை, அதில் சில சிறப்பான இடங்களே வேலை செய்கின்றன என்று 1925-இலேயே ஹியூ டெய்லர் கருதினார். அந்த இடங்கள் எவை என்று காட்ட எழுபது ஆண்டுகள் ஆயின. 1996-இல் சம்பெல்லி, வின்டர்லின், எர்ட்டில் குழுவினர் ருதீனியப் பரப்பில் நைட்ரிக் ஆக்சைடைச் சிறிதளவு விட்டுப் படமெடுத்தபோது, மூலக்கூறு பிளந்து வந்த நைட்ரஜன் அணுக்கள் ஓரணு உயரப் படிக்கட்டின் விளிம்பை ஒட்டி நெருக்கமாகவும், அதிலிருந்து தள்ளிப் போகப் போக அரிதாகவும் கிடந்தன. நைட்ரஜன் அப்பரப்பில் மெல்லத்தான் நகரும், எனவே அது எங்கே பிறந்தது என்பதை அந்தப் பரவலே சொல்லிவிட்டது. பிளவு நடந்தது விளிம்பில். சமதளம் அந்த வேலையில் பெரும்பாலும் பங்கெடுக்கவில்லை.

இப்போது நிக்கலுக்கு வருவோம். கந்தகம் நிக்கலோடு மிக இறுக்கமாகப் பிணையும், அதிலும் படி விளிம்புகளில் இன்னும் இறுக்கமாகப் பிணையும். ஒரு கந்தக அணு தான் அமர்ந்த இடத்தை மட்டும் அன்றி அக்கம்பக்கத்து இடங்களையும் கெடுக்கிறது. விளிம்புகள் மொத்தப் பரப்பில் சிறு பங்குதான். ஆகவே பரப்பு முழுவதையும் மூடும் அளவுக்குக் கந்தகம் தேவையே இல்லை. எண்ணெய் ஆலையின் நிக்கல் துகளில் எவ்வளவு பங்கு விளிம்பால், எவ்வளவு அக்கம்பக்கத்தால் என்று பிரித்துச் சொல்வது ஒவ்வொரு வினையூக்கிக்கும் தனித்தனியாக ஆராய வேண்டியது.

இந்தப் படங்கள் ஆலைக்குப் பயன்படுமா என்ற ஐயத்திற்கும் நிக்கலே சான்று. கெடாவின் குருண் நகரில் உரத்திற்காக அமோனியா செய்யும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவை நீராவியோடு நிக்கல்மீது வினைபுரிய வைப்பதால் கிடைக்கிறது. அந்த முறையின் தீராத தொல்லை நிக்கலில் கரி படிவது. டென்மார்க்கில் பெசன்பாக்கர் முதலியோர் எஸ்டிஎம் வழியாக, நிக்கல் பரப்பில் தங்க அணுக்கள் கலந்து அமர்வதையும், தங்கத்தை அடுத்திருக்கும் நிக்கல் அணுக்களின் எலக்ட்ரான் நிலை மாறுவதையும் கண்டார்கள். அதை அடிப்படையாக வைத்துத் தங்கம் சிறிது சேர்த்த நிக்கல் வினையூக்கியை உருவாக்கிச் சோதித்தபோது, வெறும் நிக்கல் கரி படிந்து தளர்ந்த நிலையிலும் அது தாக்குப்பிடித்தது. 1998-இல் வெளிவந்த ஆய்வு அது. 2004-இல் ஹெல்வெக் குழுவினர் மீத்தேன் சூழ்ந்த நிக்கல் நானோ துகளைச் சூடான நிலையிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, துகளின் பரப்பில் ஓரணுப் படிகள் தாமாகத் தோன்றி, அவற்றின் விளிம்பிலிருந்து கரி அடுக்குகள் வளர்வதைக் காட்டினார்கள்.

வெற்றிட அறைக்கும் நம் சூழலுக்கும் உள்ள அழுத்த இடைவெளியைப் பற்றிப் பொறியாளர் சொன்னது முழுக்க நியாயமானது, துறையினரே அதைப் பெருங்குறையாகக் கருதித்தான் உழைத்து வருகிறார்கள். லைடனில் ஃபிரெங்கன் குழுவினர் உயர் அழுத்த வினைகலனுக்குள்ளேயே எஸ்டிஎம் ஊசியை வைத்து, பிளாட்டினம் ஆக்சைடாக மாறிக் கரடுமுரடானபோது கார்பன் மோனாக்சைடு எரியும் வேகம் கூடியதை 2002-இல் அறிவித்தார்கள். வெற்றிடத்தில் வினைபுரியும் பரப்பும் அழுத்தத்தில் வினைபுரியும் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அதிலிருந்து எழுந்த கேள்வி. ஆக்சைடுதான் உண்மையில் வேகமானதா என்று அதன்பின் பல ஆண்டுகள் கடுமையான விவாதம் நடந்தது. அதே 2002-இல் டென்மார்க்கிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, துத்தநாக ஆக்சைடின்மீது இருக்கும் செம்பு நானோ துகள்கள் சுற்றியுள்ள வாயுவுக்கேற்பத் தம் வடிவத்தையே மாற்றிக்கொள்வதைக் காட்டியது. ஹைட்ரஜனோடு நீராவி சேர்ந்தால் அவை உருண்டையாகின, கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தட்டையாகின. லபுவானில் நாம் செய்யும் மெத்தனால் போன்றவற்றுக்குரிய வினையூக்கிக் குடும்பம் அது.

தோல்வி ஆய்வுப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

நிக்கலையும் தங்கத்தையும் பற்றிய செய்தி எனக்குப் புதிது, நன்றி. அதை ஏற்கிறேன். இருந்தாலும் என் தடையில் ஒரு பகுதி அப்படியே நிற்கிறது. சூடான துகளை எலக்ட்ரான் கற்றையில் வைத்துப் படமெடுக்கும்போது, அந்தக் கற்றையே வாயுவைப் பிளக்கக்கூடும், ஈரமான மாதிரியாக இருந்தால் நீரைப் பிளக்கும். எங்கள் லேப்பில் பிசினின்மேல் கற்றையைச் சிறிது நேரம் நிறுத்தினாலே அந்த இடம் கருத்துச் சுருங்குவதைப் பார்க்கிறோம். ஆகவே கற்றையை அணைத்துவைத்து, அதே நேரம் கழித்துத் திறந்து பார்த்த ஒப்பீடு இல்லாவிட்டால் அந்தக் காட்சியை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மேற்பரப்பு ஆய்வாளர், கோலாலம்பூர்

அதில் நமக்குள் வேறுபாடே இல்லை. பொறுப்பாக எழுதப்படும் ஆய்வுகளில் அந்த ஒப்பீடு இடம்பெறும், இல்லாதவற்றை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

வேதியியல் ஆசிரியை, பட்டர்வொர்த்

அனைவருக்கும் நன்றி. எல்லைக்கோட்டு நீளமும் அரை வரிசையும் பற்றிய விளக்கத்தை மாணவர்களுக்கு வரைபடத்தாளிலேயே கணக்கிட்டுக் காட்ட முடியும் என்பதால் அதை உடனே எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். இவை எல்லாம் பெர்லினிலும் டென்மார்க்கிலும் நடந்தவை. வெற்றிடமோ திரவ ஹீலியமோ இல்லாமல், இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், மாணவர்கள் நின்று பார்க்கக்கூடிய மேற்பரப்பு வினை ஏதாவது உண்டா?

முதுகலை மாணவன், குளுகோர்

உண்டு டீச்சர். கால்சைட் நீரில் கரைவதை ஏஎஃப்எம் எனப்படும் அணுவிசை நுண்ணோக்கியில் நீருக்குள்ளேயே பார்க்கலாம். பத்துமலையையும் ஈப்போ குன்றுகளையும் குடைந்த வினை இதுதான். மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதை இலேசாக அமிலமாக்குகிறது, அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஆனால் மலையிலிருந்து கல்லைப் பெயர்த்து வரக் கூடாது, அந்தக் கல் இதற்குப் பொருந்தவும் பொருந்தாது. கண்ணாடிபோல் தெளிந்த கால்சைட் படிகத்தை வாங்கி, கத்திமுனையை வைத்துத் தட்டினால் அது தன் இயல்பான முகத்தில் பிளந்துகொள்ளும். பிளந்த உடனே திரவக் கலத்தில் பொருத்தித் தூய நீரைச் செலுத்த வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்திருந்தால் பரப்பின்மேல் நீர்ப்படலம் படிந்து, சோதனை தொடங்குமுன்பே விளிம்புகள் மாறத் தொடங்கிவிடும்.

நீர் பட்டதும் சமதளத்தில் சாய்சதுரக் குழிகள் தோன்றும். ஆழம் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர், அதாவது ஒரே ஒரு மூலக்கூற்று அடுக்கு. குழியின் நான்கு பக்கங்களும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. விரிகோணமாகச் சரிந்த இரண்டு விளிம்புகள் வேகமாகவும், குறுங்கோணமாக உள்வாங்கிய மற்ற இரண்டும் மெதுவாகவும் பின்வாங்கும். நொடிக்குச் சில நானோமீட்டர் என்ற அளவிலான வேகம் என்பதால், ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் சாதாரணக் கருவியே போதும். அடுத்தடுத்த படங்களில் விளிம்பின் இடத்தை அளந்து, நேரத்தால் வகுத்தால் மாணவர்களே வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே பொருள், ஒரே நீர், ஒரே வெப்பநிலை, ஆனாலும் விளிம்பு மாறினால் வேகம் மாறுகிறது என்பது அவர்கள் கையாலேயே வந்துவிடும். வருடும்போது குளிர்சாதனத்தின் காற்று நேராகக் கருவியில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை சிறிது மாறினாலும் படம் ஒரு பக்கமாக நகர்ந்துபோய், அந்த நகர்வை விளிம்பின் வேகம் என்று கணக்கிட்டுவிட நேரும்.

ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர், பிறை

தம்பி, குளிர்கோபுர நீரில் சுண்ணாம்பு படியாமல் இருக்க நாங்கள் பாஸ்போனேட் சேர்ப்போம். கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவோடு ஒப்பிட்டால் அது மிகக் கொஞ்சம். நீங்கள் சொல்லும் விளிம்புகளில்தான் அது வேலை செய்கிறதா?

முதுகலை மாணவன், குளுகோர்

ஆம் ஐயா. கலத்தில் ஓடும் நீரோடு பாஸ்போனேட்டைச் சிறிது சேர்த்தால் குழிகளின் வடிவமே மாறுவதை ஏஎஃப்எம் படங்களில் பார்க்கலாம். நேராக ஓடிய விளிம்புகள் வளைந்து, சாய்சதுரம் தன் கூர்முனைகளை இழந்துவிடும். அந்த மூலக்கூறுகள் சமதளத்தை விட்டுவிட்டு விளிம்பில் போய் ஒட்டுகின்றன. படிகம் வளர்வதும் அதே விளிம்பில்தான் என்பதால் சிறிதளவே போதுமானதாகிறது. டீச்சர் விரும்பினால் தூய நீரில் ஒரு தொடர், பாஸ்போனேட் நீரில் ஒரு தொடர் என்று அடுத்தடுத்து எடுத்துக் காட்டலாம்.

தோல்வி ஆய்வுப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

இது நல்ல சோதனை. ஆனால் ஏஎஃப்எம் ஊசி பரப்பைத் தொட்டுக்கொண்டே போகிறது. குழியை ஊசி சுரண்டவில்லை என்பதற்கு மாணவர்கள் என்ன சான்று காட்டுவார்கள்?

முதுகலை மாணவன், குளுகோர்

தொடரின் கடைசியில் வருடும் பரப்பைப் பல மடங்கு பெரிதாக்கி ஒரு படம் எடுக்கச் சொல்வேன் அண்ணா. அதில் முன்பு வருடிய சதுரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் குழிகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்க வேண்டும். சதுரத்தின் ஓரம் தனியாகத் தெரிந்தால் ஊசியின் விசை கூடிவிட்டது என்று பொருள், அந்தத் தொடரைத் தள்ளிவிட்டு விசையைக் குறைத்து, படிகத்தைப் புதிதாகப் பிளந்து, மறுபடி எடுக்க வேண்டும்.